நகராத வண்டிக்கு ஒரு பூஜை

என் கணவர் என் சமையலைப் பாராட்டியிருக்கிறார். கரும்பலகையில் என் கையெழுத்தைப் பாராட்டியிருக்கிறார். ஒரு தீபாவளிக்கு, ஏதோ அசந்துபோய், என் அம்மாவைக்கூடப் பாராட்டியிருக்கிறார். நான் வண்டி ஓட்டுவதை மட்டும் ஒரு நாளும் பாராட்டியதில்லை.

அவர் விரைவுப் பேருந்து ஓட்டுநர். கிள்ளானிலிருந்து வடக்கே பட்டர்வொர்த், தெற்கே ஜொகூர் என்று வேலை பார்த்த காலமெல்லாம் நெடுஞ்சாலையிலேயே கழித்தவர். பயணி தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்தால் அது ஓட்டுநரின் குற்றம் என்பது அவருடைய சட்டம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் பழைய மேனுவல் காரில் தினமும் பள்ளிக்குப் போய் வந்தவள். ஒரு கோடு விழாமல் வைத்திருந்தவள். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், எல்பிளேட் ஒட்டி ஓட்டப் பழகும் பெண்ணாகிவிடுவேன்.

"பிரேக்க எதுக்கு அந்த மிதி மிதிக்கிற? அது என்ன கரப்பான்பூச்சியா? பிரேக்க காலால கேக்கணும். எப்ப புடிக்குதுன்னு கால் சொல்லும்."

"உங்க காலு பேசும். என் காலு நடக்க மட்டும்தான்," என்பேன்.

பிறகு அவருடைய இடது காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே. சர்க்கரை. எங்கள் சொந்தத்தில் சர்க்கரை நுழையாத வீடு எது என்று தேட வேண்டியிருக்கும், ஆனாலும் நம் வீட்டில் நடக்கும்போது அது புதிதாகத்தான் இருக்கிறது. செயற்கைக்கால் பொருத்திக்கொண்டார். அதற்கு 'ஸ்பேர்' என்று பெயர் வைத்தார். "ஸ்பேர மாட்டி விடு, கடைக்குப் போய்ட்டு வரேன்" என்பார். கடைக்குப் போக மாட்டார். முன் ஹாலில் கேட்டைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கிங் செய்வதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார். நானும் அந்த நேரம் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். ஒரு மனிதர் நாற்காலியோடு ஒட்டிப்போவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்குப் பயமாக இருந்தது.

அவரை எழுப்பியது ஒரு வாக்கியம். உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்த பெண் பேச்சுவாக்கில், "ஆட்டோ கியர் கார்னா கிளட்ச் இல்ல, உங்களுக்கு வலது கால் போதுமே அங்கிள்" என்று சொன்னாள். அவ்வளவுதான். அடுத்த சில மாதங்களில் மருத்துவச் சான்று, உரிமத்துக்கான அனுமதி என்று அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்தால் பேருந்து உரிமத்துக்கு முதன்முதலாக மனுப் போடும் இளைஞனைப் போலத்தான் இருந்தது. புதிதாக ஒரு ஆட்டோ கார் வாங்குவது என்று முடிவானது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஷோரூமில் என் நாத்தனார் மகன் விற்பனையில் இருந்தான். கொமுட்டர் ரயிலில் போய் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி நடந்து, அவன் காட்டிய வண்டியில் இவர் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்த நிமிர்வுக்காகத்தான் நான் சரி என்றேன். நிறமோ மற்றதோ எதையும் நான் பார்க்கவில்லை.

சொந்தக்காரனிடம் வண்டி வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. கோளாறு வந்தால் கத்த முடியாது. கத்தினால் அடுத்த கல்யாணத்தில் நாத்தனார் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய காரை அவனிடமே மாற்றாகக் கொடுத்துவிட்டோம். கோயில் குருக்கள் நாள் பார்த்துச் சொன்னார். ஆடி பிறப்பதற்கு முன்னால் வரும் கடைசி நல்ல நாள். ஆடியில் புது வண்டி எடுக்க மாட்டோம். அன்று காலை வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்கும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம், இவர் ஏறி உட்கார்ந்து நசுக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கைக் குறை சொல்வேன். இப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

அந்த நாளுக்குச் சற்று முன்னால் நாத்தனார் மகன் போன் செய்தான். போனை ஸ்பீக்கரில் போட்டோம்.

"மாமா, ஸாரி லா. வண்டி மேருல இருக்கற கம்பெனி யார்டுக்கு வந்துருச்சு. ஆனா ரிலீஸ் பண்ண முடியல."

"ஏன்டா?"

"முன்னாடி ஒரு சென்சார் இருக்குல, எதிர்ல ஏதாச்சும் வந்தா வண்டி தானா பிரேக் போடும்ல, அதுல பிரச்சன. சில வண்டியில முன்னால இருக்கறது அதுக்குச் சரியாத் தெரியலயாம். சேஃப்டி ரூல்ஸ்க்கு ஒத்து வரல. பார்ட் மாத்தி, திரும்ப செக் பண்ணி, அப்ரூவல் வந்தாத்தான் ஒரு வண்டி வெளிய போவும். எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க."

"எப்ப வரும்?"

"எங்களுக்கே சொல்ல மாட்டேங்கறாங்க மாமா."

என் கணவர் சிரித்தார். கோபத்தில் சிரிக்கிற சிரிப்பு.

"டேய், எனக்கு எதுக்குடா சென்சாரு? இத்தன வருஷம் பஸ் ஓட்டினேன், எந்தச் சென்சார் பிரேக் போட்டுச்சு? என் காலுதான் சென்சாரு. அத எடுத்துத் தூரப் போட்டுட்டு வண்டியக் குடுக்கச் சொல்லு."

காத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்துகொண்டு தினமும் குரல் பதிவு அனுப்பினார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் திட்டினார். 'அப்படியே குடுங்க, எங்க பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றோம்' என்பது அவர் கிளப்பிய யோசனை. முகம் தெரியாத பலரும் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அவருக்குப் பெருமை. எனக்கும் உள்ளூர அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. இந்த மனிதருடைய வலது காலுக்கு மேல் ஒரு சென்சாரா என்று நினைத்தேன்.

நல்ல நாள் கைவிட்டுப் போகிறதே என்ற தவிப்பில் நாத்தனார் மகன்தான் ஒரு வழி சொன்னான். வண்டி வெளியே வராவிட்டால் என்ன, யார்டுக்கே போய்ப் பூஜையை மட்டும் முடித்துவிடலாம். நல்ல நேரத்தில் எடுத்ததாகக் கணக்கு. வண்டி எப்போது வேண்டுமானாலும் வரட்டும். கேட்டபோது எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

மேருவில் தொழிற்சாலைகளைத் தாண்டிப் போனால் அந்த யார்ட். மரம் என்று பெயருக்கு ஒன்றில்லை. கரிய தார்த்தரை, அதன்மேல் வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கார்கள், எல்லாவற்றின் முகத்திலும் பிளாஸ்டிக் ஒட்டியபடி. பதினோரு மணி வெயில் கண்ணாடிகளில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. வாசலில் காவலர் எங்கள் எல்லோருக்கும் பளபளக்கும் மஞ்சள் மேலாடையும் தலைக்கவசமும் கொடுத்தார். குருக்களுக்கும்தான். வெற்று மார்பில் பூணூல், அதன்மேல் மஞ்சள் மேலாடை, குடுமிக்கு மேல் தலைக்கவசம், கையில் பூத்தட்டு. நான் சிரித்துவிட்டேன். குருக்களும் சிரித்தார்.

"உள்ளே தீ கூடாது" என்று காவலர் மலாயில் சொன்னார். எல்லா வண்டியிலும் பெட்ரோல் இருக்கிறதாம். அதனால் ஊதுவத்தி இல்லை, கற்பூரம் இல்லை. குருக்கள் கொளுத்தாத கற்பூரத்தைத் தட்டில் வைத்துச் சுற்றிக் காட்டினார். நாங்கள் கொளுத்திய கற்பூரத்தை ஒற்றிக்கொள்வது போலவே கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

பூஜை தொடங்குமுன் இவர் செருப்பைக் கழற்றினார். வண்டிக்குப் பூஜை என்றால் அது சாமி காரியம். ஓட்டுநராக இருந்த காலத்தில் டிப்போவில் எத்தனையோ ஆயுத பூஜை பார்த்தவர், செருப்போடு நின்றதில்லை. அவரைப் பார்த்து நாங்களும் கழற்றினோம்.

"ஸ்பேருக்கு வேணாம். சாமி அத மன்னிச்சிரும்," என்று செயற்கைக்காலை மட்டும் ஷூவோடு விட்டுவிட்டார். வலது காலை வெறுங்காலாகத் தரையில் ஊன்றி, நாத்தனார் மகன் தோளில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"காசுட் பாக்காய், அங்கிள்! பானாஸ்!" என்று காவலர் தூரத்திலிருந்து கத்தினார். செருப்பைப் போடுங்கள், சுடும் என்கிறார். "கெஜாப் சாஜா" என்று இவர் கையை ஆட்டினார். கொஞ்ச நேரம்தான்.

உண்மையில் சுட்டது. நான் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தேன். நாத்தனார் மகன் மாமாவைத் தாங்கிக்கொண்டே குதித்தான். குருக்கள் தன் மேல்துண்டைத் தரையில் போட்டு அதன்மேல் நின்றுகொண்டார். மந்திரம் கொஞ்சம் வேகமாகப் போனது. இவர் ஒருவர் மட்டும் ஆடாமல் அசையாமல், கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மனுஷனுக்கு என்ன பக்தி, என்ன உறுதி என்று நினைத்தேன்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஆனால் வண்டியை நகர்த்தக் கூடாது. நசுங்காத பழங்களை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இவர் போகும்போது பானெட்டைத் தட்டிக் கொடுத்து, "வரேன், இரு" என்றார்.

அன்று மாலை ஹாலைக் கடந்துபோன எனக்கு வெள்ளைத் தரையில் ஈரத்தடம் தெரிந்தது. குளியலறையிலிருந்து நாற்காலி வரைக்கும், ஒரு காலின் தடம். கால் துடைக்காமல் வந்துவிட்டார் என்று துணியை எடுத்துத் துடைத்தேன். தண்ணீர் அல்ல அது. கொஞ்சம் பிசுபிசுத்தது. போய் அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் முழுக்கத் தோல் வெந்து கொப்புளம் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, வலிக்கலயா?"

"எதுக்கு வலிக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவர் விளையாடவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அந்த நிமிடம்தான் யார்டில் அவர் ஏன் அசையாமல் நின்றார் என்பது எனக்கு உறைத்தது.

அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். புண் பழுத்தது. முதல் வாரத்தில் டாக்டர்கள் பேசிக்கொண்ட விதம் எனக்கு ஏற்கெனவே பழக்கமானது. இடது காலுக்கும் இப்படித்தான் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நாத்தனார் மகன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து கட்டிலின் காலடியில் நின்று அழுதான். "நான்தான் மாமா யார்டுல பண்ணலாம்னு சொன்னேன்" என்றான். "நீ என்னடா பண்ணுவ, செருப்பக் கழட்டுனது நான்" என்று இவர் அவனைச் சமாதானப்படுத்தினார்.

எனக்குச் சமாதானமாகவில்லை. அவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனேன். நாத்தனார் முகம், கல்யாண வீடு எல்லாம் மறந்துபோயிற்று.

"உங்க கம்பெனி ஒரு சென்சாருக்காக அத்தன வண்டியையும் நிறுத்தி வச்சுது. நாம எல்லாம் சேந்து ஒரு மனுஷன வெயில்ல நிறுத்தி வச்சோம். அந்த வாட்ச்மேனுக்கு இருந்த அக்கறகூட நமக்கு இல்ல. எனக்கும் இல்ல."

"அத்தை, சத்தமாப் பேசாதீங்க..."

"பேசுவேன்!"

பேசினேன். பிறகு நானே அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

கால் தப்பியது. தோல் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் இளம் டாக்டர் ஒரு பெண் வந்து பாதத்தைச் சோதித்தாள். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் ஆங்காங்கே குத்திப் பார்க்கும் சோதனை. கிளினிக்கில் வழக்கமாகச் செய்வதுதான். அங்கே தாதி குத்தக் குத்த இவர் "இருக்கு, இருக்கு" என்று டக்டக்கென்று சொல்லிவிடுவார். நான் அப்போதெல்லாம் நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இந்த டாக்டர், "கண்ணை மூடிக்குங்க அங்கிள். தெரியறப்ப சொல்லுங்க" என்றாள்.

இவர் கண்ணை மூடினார். அவள் பெருவிரலில் குத்தினாள். குதிகாலுக்குப் பக்கத்தில், நடுப்பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே. இழை வளைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பொறுமையாகக் கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலயா டாக்டர்?" என்றார்.

அவள் முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கில் அவர் தாதியின் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார். வாழ்நாளெல்லாம் கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொண்ட மனிதர். கண்ணுக்குத் தெரிந்தால் காலுக்கும் தெரிந்தது என்றே நினைத்திருப்பார்.

இந்தக் காலோடு வண்டி ஓட்டலாமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் எங்கள் இருவருக்குள்ளும் அந்தப் பேச்சு இல்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரோ மறுபடியும், 'கையெழுத்துப் போட்டுக் குடுக்கறோம்னு ஒரு அங்கிள் சொன்னாரே, அவரு எங்க?' என்று கேட்டிருந்தார்கள். இவர் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். ஒவ்வொரு நாளும் நான் ஒன்றை மட்டும் வேண்டிக்கொண்டேன்: அந்த சென்சாருக்கு அப்ரூவல் வராமலே இருக்கட்டும். வண்டி வராத வரைக்கும் அவர் ஓட்டப்போகிறவர். வந்துவிட்டால், ஓட்டக் கூடாது என்று யாராவது சொல்ல வேண்டும். வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வந்துவிட்டது. "மாமா, பார்ட் மாத்தி பாஸ் ஆயிருச்சு!" என்று நாத்தனார் மகன் போனில் கத்தினான். ஆடி எப்போதோ போய்விட்டிருந்தது. ஒரு ஞாயிறு காலை வண்டியைக் கிள்ளானுக்கே ஓட்டிவந்து கேட்டுக்கு முன்னால் நிறுத்தினான். யார்டில் வைத்த எலுமிச்சம்பழங்களைப் பற்றி இவர் விசாரித்தார். பார்ட் மாற்றக் கொண்டுபோனபோது யாராவது நசுக்கியிருப்பார்கள் என்றான். புதிதாக நான்கு வைத்தோம். இந்த முறை கற்பூரம் எரிந்தது. இவர் செருப்பைக் கழற்றவில்லை. நானும் கழற்றவில்லை.

சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாத்தனார் மகன் படம் எடுக்கப் போனை உயர்த்தியபடி வாசலில் நின்றான். சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சீட் பெல்ட்டை மாட்டினேன்.

இவர் என்ஜினைப் போடவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். முதுகு நிமிர்ந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வலது காலை மிதிகளின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பிரேக்குல வச்சிருக்கேன். சரியா பாரு," என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். கால் பிரேக்கில் இல்லை. ஆக்சிலரேட்டரில் இருந்தது. எங்கள் ஊரில் அதை மின்யாக் என்போம்.

ஆமாம் என்ற சொல் எனக்கு நாக்கு வரை வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"டீச்சர், சும்மா சொல்லாத. பாத்துச் சொல்லு."

"மின்யாக்குல இருக்குங்க."

காலைத் தூக்கினார். நகர்த்தினார். வைத்தார். "இப்ப?"

"மின்யாக்குலதான்."

அவர் கண்ணைத் திறந்தார். வெளியே நாத்தனார் மகன், "மாமா, சிரிங்க!" என்றான். இவர் சிரித்தார். படம் எடுத்து முடிக்கும் வரை அந்தச் சிரிப்பை அப்படியே வைத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நானும் யார்டுலதான் நிக்கணும்," என்றார். "எறங்கி இந்தப் பக்கம் வா."

இடம் மாறி உட்கார்ந்தோம். ஸ்பேரைத் தூக்கி உள்ளே வைக்க அவருக்கு நேரம் பிடித்தது. உதவப் போன நாத்தனார் மகனின் கையைத் தட்டிவிட்டார். நான் வண்டியை எடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் பழங்கள் நசுங்கிய சத்தம் கேட்டது. நாத்தனார் மகன் கை தட்டினான். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

கோயிலுக்குத் திரும்பும் சாலையில் சமிக்ஞை விளக்கு சிவப்பாக மாறியது. முன்னால் போன லோரி நின்றது. புது வண்டியின் பிரேக் எனக்குப் பிடிபடவில்லை. சற்று பலமாகவே மிதித்துவிட்டேன். இருவரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தோம். டேஷ்போர்டில் வைத்திருந்த சாமி பூ சரிந்து கீழே விழுந்தது. கரப்பான்பூச்சிக்காகக் காத்திருந்தேன். அவர் குனிந்து பூவை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"திட்டுங்களேன்," என்றேன்.

அவர் லோரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு? நல்லாத்தான ஓட்டுற," என்றார்.

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்குச் சாலை தெரியவில்லை.